ஒரே மாத்திரை, இரண்டு கட்டில்

இரண்டாம் நாள் காலை கோஃபி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

ஜங்ஷன் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. அதற்கு அடுத்த கட்டிலில் என் வீட்டுக்காரர் இளங்கோவன். இருவருக்கும் மலேரியா. முதல் நாள் இருவருக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் மாத்திரை பிரித்தேன். ஒரே சொம்பிலிருந்துதான் பால் ஊற்றிக் கொடுத்தேன். பாலோடு கொடுத்தால்தான் அந்த மருந்து உடம்பில் நன்றாக ஏறுமாம்.

"சிஸ்டர், இட்லி இருக்கா? அந்தச் சிவப்புச் சட்னியும் வேணும்" என்றார் கோஃபி. அவர் பேசுவது ஆங்கிலம். நான் தமிழாக்கி எழுதுகிறேன். நான் நர்ஸ் இல்லை, சகோதரி என்கிற அர்த்தத்தில்தான் அவருக்கு நான் சிஸ்டர். முகம் கழுவி, தலையைத் துவட்டி, வெயில் படும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அனலாகக் கொதித்த ஆள்.

பக்கத்துக் கட்டிலில் போர்வைக் குவியல் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. இவருடைய குளிரில் இரும்புக் கட்டிலே ஆடி, சுவரில் டக் டக்கென்று இடித்தது. கையைத் தொட்டால் தோசைக்கல்.

டிபன் கேரியரோடு இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்றேன். ஒரு பக்கம் பார்த்துச் சந்தோஷப்படவும் மறுபக்கம் பார்த்துப் பயப்படவும் எனக்கு இருந்தது ஒரே முகம்தான்.

வெள்ளிக்கிழமை பிறந்தவர்

கோஃபி யார் என்று சொல்ல வேண்டும்.

நானும் இளங்கோவனும் விருத்தாசலத்திலேயே செராமிக் படித்தவர்கள். படிக்கும்போதே பழக்கம், படித்து முடித்ததும் கல்யாணம். நான் இங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட் வைத்து, மின்சாரப் பெட்டிக்குள் மாட்டுகிற வெள்ளை பீங்கான் ஃப்யூஸ் கேரியர் செய்துகொண்டிருக்கிறேன். இவர் டைல்ஸ் கம்பெனி வேலையென்று முதலில் குஜராத், பிறகு ஆப்பிரிக்காவில் கானா நாடு என்று போனார். அங்கே கடலோரமாக ஒரு பெரிய டைல்ஸ் தொழிற்சாலை. அதில் சூளைப் பகுதியில் இவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர் கோஃபி.

அவர்கள் ஊரில் பிறந்த கிழமையை வைத்தே பெயர் உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் என்றால் கோஃபி. எங்கள் யூனிட் பெண்கள் வாயில் அது இரண்டே நாளில் "காபி சார்" ஆகிவிட்டது. டீ நேரத்தில் ஒருத்தி, "காபி சாருக்கு காபியா டீயா?" என்று கேட்பாள். மற்றவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டதுபோலச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். குடிப்பது டீதான்.

இவர் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கோஃபியும் கூடவே வந்தார். எங்கள் யூனிட் மாதிரி ஒன்றை அவர் ஊரில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசை. "பெரிய தொழிற்சாலையை வேடிக்கைதான் பார்க்க முடியும் சிஸ்டர். இது என் கைக்கு அடங்கும்" என்பார். காலையில் எங்களுக்கு முன்னால் யூனிட்டுக்குப் போய்விடுவார். மண் அரைப்பது, அச்சில் அழுத்துவது, சுட்டெடுத்ததைத் தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே விரிசல் கண்டுபிடிப்பது என்று ஒன்று விடாமல் கற்றுக்கொண்டார்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, கோஃபியின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வர இருவரும் அவருடைய கிராமத்துக்குப் போயிருக்கிறார்கள். புழுக்கம் தாங்காமல் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தார்களாம். அதுவரை இவர் கம்பெனி குவார்ட்டர்ஸில், கொசுவலை அடித்த ஜன்னலுக்குள் இருந்தவர். அங்கே இருந்த காலம் முழுவதும் ஒரு தடவைகூட மலேரியா வந்ததில்லை.

முற்றத்தில் கடித்த கொசுவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஊர் வந்து, உறவெல்லாம் பார்த்து, மங்கலம்பேட்டைக்குப் போய் பிரியாணி தின்று, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சுவரில் எழுதிய எண்கள்

முதலில் விழுந்தவர் இவர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யூனிட்டில் மூட்டை மேல் சாய்ந்தவர், "சுமதி, எலும்பெல்லாம் யாரோ முறுக்குற மாதிரி இருக்குது" என்றார். மறுநாளே கோஃபிக்கும் காய்ச்சல்.

டெங்குவாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி நிலவேம்புக் கஷாயம் வைத்தேன். கஷாயத்துக்கு அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து இருவரையும் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. நாடி பிடிப்பதற்கு முன்பே கோஃபியைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எங்கேருந்து வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னதும் வேறு பேச்சில்லை. விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அந்தக் கண்ணாடித் தகட்டைப் பார்த்ததும் எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. பிளாஸ்கும் பையும் மாட்டிக்கொண்டு மலேரியாக்காரர் சைக்கிளில் வருவார். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பார். ஆமென்றால் விரலில் ஒரு குத்து, தகட்டில் ஒரு சொட்டு. போகும்போது கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஏதோ எண் எழுதிவிட்டுப் போவார். வெள்ளையடிக்கும்போது அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வார் என் அப்பா. சர்க்கார் எழுத்து என்று அவருக்கு ஒரு மரியாதை.

பிறகு மலேரியாக்காரர் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வரவேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது என்பது இப்போதுதான் புரிகிறது.

ரிசல்ட் வந்தது. மலேரியாவிலேயே மோசமான வகை. இருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். நகராட்சிக்கும் தகவல் போனது. அவர்கள் ஆட்கள் எங்கள் தெரு முழுக்க ரத்தம் எடுத்தார்கள். யூனிட்டுக்கு வந்து, மண் கரைத்து வைக்கும் தொட்டிகளில் டார்ச் அடித்துக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நல்லவேளை, வேறு யாருக்கும் இல்லை.

"அந்த ஆளுக்கு மட்டும் எப்பிடி?"

பெண்ணாடத்திலிருந்து என் பெரிய நாத்தனார் மலர்க்கொடி வந்து இறங்கினார். கரும்புக்கார வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். சத்தமாகப் பேசுவார், சத்தமாக அழுவார். தம்பி என்றால் உயிர்.

அவர் வந்த நேரம், கோஃபி இரண்டாவது தட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாத்தனார் அவரைப் பார்த்தார். நடுங்கும் போர்வையைப் பார்த்தார். என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவந்தார்.

"ஏம்மா சுமதி, அந்த ஆளு கொண்டாந்த சீக்குதான இது?"

"இல்லைங்க அண்ணி. ரெண்டு பேரையும் ஒரே எடத்துல கொசு கடிச்சிருக்குது."

"அப்ப அந்த ஆளுக்கு மட்டும் எப்பிடி எறங்குச்சு? வெளிநாட்டுக்காரன்னு நல்ல மாத்திரையா குடுத்திருப்பாங்க. நம்ம புள்ளைக்கு ஏதோ ஒண்ணு. நீ பாத்தியா?"

"நான்தாங்க அண்ணி பிரிச்சு குடுத்தேன். ஒரே டப்பா."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குமே உள்ளுக்குள் அதே கேள்விதான். கோஃபி எழுந்தது எனக்குச் சந்தோஷம். ஆனால் ஒரே மாத்திரை ஒருவரைத் தூக்கி நிறுத்தி இன்னொருவரை அப்படியே விட்டுவைத்தது ஏன்?

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவை நாத்தனாரே மறித்துக் கேட்டார்.

"மாத்திரை ஒண்ணுதாம்மா. உடம்புதான் வேற" என்றார் டாக்டரம்மா. இவருக்கு வாந்தி எடுத்ததா, பாலோடு கொடுத்தோமா என்றெல்லாம் என்னிடம் விசாரித்துக்கொண்டு, பிறகு சொன்னார். "இவரோட நண்பர் சின்ன வயசுலேருந்து இந்தக் காய்ச்சல்ல பல தடவ விழுந்து எழுந்தவரு. ஒவ்வொரு தடவையும் உடம்பு அந்தக் கிருமியைக் கொஞ்சம் அடையாளம் கண்டு வச்சிருக்கும். இப்ப மருந்து ஒரு பக்கம் அடிக்குது, அவர் உடம்பு ஒரு பக்கம் அடிக்குது. உங்க தம்பிக்கு இதுதான் முதல் தடவ. கிருமியும் நிறைய ஏறிடுச்சு. மருந்து தனியா நின்னு வேலை செய்யுது. அதான் நேரம் எடுக்குது."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஏற்கனவே சூடு இருக்கிற சூளைக்குக் கொஞ்சம் எரிபொருள் போதும். குளிர்ந்து கிடக்கும் சூளை அதே எரிபொருளைத் தின்றுவிட்டு அப்படியே இருக்கும்.

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எங்க ஒடம்பு தெம்பில்லாத ஒடம்பாங்க? கரும்பு வெட்டி வளந்த புள்ளைங்க அவன்."

"தெம்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. நம்ம பக்கம் இந்தக் காய்ச்சல் அத்துப் போச்சு. உடம்புக்கு அதைக் கத்துக்க வேண்டிய கட்டாயம் வரல. அது நல்லதுதானே? நான் ஒடிசாவுல மலைக்கிராமத்து ஆஸ்பத்திரியில சில வருஷம் இருந்தேன். அங்க பெரியவங்களுக்கு இந்த எதிர்ப்பு இருந்துச்சு. ஆனா அதுக்கு அவங்க குடுத்த விலை, இதே காய்ச்சல்ல போன சின்னப் பிள்ளைங்க."



டாக்டரம்மா கோஃபியிடம் போய், இதையெல்லாம் அவருக்கும் விளக்கிவிட்டு, "எழுந்துட்டோம்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. முழுசா முடிக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இது என்னைக்கும் இருக்கிற பாதுகாப்பு இல்ல. ஊரை விட்டுச் சில வருஷம் வெளிய இருந்தா உங்களுக்கும் குறைஞ்சு போகும்." கோஃபி தலையாட்டினார். அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டதை நான் கவனித்தேன்.

ஆம்புலன்ஸ் நின்ற மத்தியானம்

அடுத்த நாள் கோஃபியின் ரத்தத்தில் கிருமி இல்லை. இவர் ரத்தத்தில் இன்னும் இருந்தது.

மத்தியானம் இவருக்குப் பேச்சு குழறியது. என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரியவில்லை. "பர்னரைக் கொறைங்கப்பா... விரிசல் வுடுது... எல்லா டைலும் விரிசல் வுடுது" என்று யாருக்கோ உத்தரவு போட்டார். நாத்தனார் இவருடைய காலடியில் உட்கார்ந்து பாதங்களைப் பிடித்துக்கொண்டார். சத்தமாக அழுபவர் அன்றைக்குச் சத்தமே இல்லாமல் அழுதார்.

டாக்டரம்மா ஓடிவந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார்.

"மாத்திரையை நிறுத்திட்டு ஊசியா போடப்போறேன். இதே குடும்பத்து மருந்துதான். ஆனா வயித்து வழியா போகாம நேரா ரத்தத்துல இறங்கும்" என்றார் என்னிடம். "பாண்டிச்சேரியில எனக்குத் தெரிஞ்ச பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். ஆம்புலன்ஸைக் கீழ நிக்கச் சொல்லியிருக்கேன். சாயந்திரத்துக்குள்ள தெளிவு வரலைன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அனுப்பிடுவேன். நீங்க ஒரு பையில துணி எடுத்து வச்சுக்குங்க."

துணி எடுத்து வைத்தேன். எதை எடுத்தேன் என்று தெரியாது. பிறகு பார்த்தால் பையில் கோஃபியின் சட்டை இரண்டு இருந்தது.

கோஃபி தன் கட்டிலை விட்டு இறங்கி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவருடைய நெற்றியை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். இவர் பர்னரைப் பற்றிக் கத்தும்போதெல்லாம், "குறைச்சாச்சு, குறைச்சாச்சு, பதமா இருக்கு" என்று அவர்களுடைய ஷிப்ட் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அந்தப் பதில் கேட்டதும் இவர் கொஞ்சம் அடங்குவார். பிறகு திரும்பவும் கத்துவார். கோஃபி திரும்பவும் சொல்வார்.

நாத்தனார் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணி காய்ந்தபோது எழுந்துபோய் வேறு துணி நனைத்துப் பிழிந்து கோஃபியின் கையில் கொடுத்தார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய நேரம். இவர் கண்ணைத் திறந்தார்.

"சுமதி. தண்ணி."

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன். தண்ணீர் குடித்து முடித்ததும் சுற்றிப் பார்த்தார்.

"கோஃபி சாப்ட்டானா?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். "சாப்ட்டாருடா தம்பி. நல்லா சாப்ட்டாரு. நீ இப்ப கஞ்சி குடி."

டாக்டரம்மா வந்து கண்ணில் லைட் அடித்து, பெயர் கேட்டு, ஊர் கேட்டு, என்ன கிழமை என்று கேட்டார். கிழமையை இவர் தப்பாகத்தான் சொன்னார். "அது எனக்கே சில நாள் தெரியாது" என்றார் டாக்டரம்மா, முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே.

நான் கீழே போய் ஆம்புலன்ஸ் டிரைவரிடம், வேண்டாம், தெளிந்துவிட்டது என்று சொன்னேன். "சந்தோஷம் மேடம். வண்டி காலியா திரும்புனா அன்னைக்கு நல்ல நாளுங்க எங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அகோசுவா

அதற்கடுத்த நாள்களில் ஊசி வேலை செய்தது. கிருமி மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு காலையில் இல்லை என்று வந்தது. இவருக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆனால் கஞ்சிக்கு உப்பு போதவில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தார்.

அன்று மத்தியானம் ரவுண்ட்ஸ் முடிந்து கிளம்பிய டாக்டரம்மாவை கோஃபி நிறுத்தினார்.

"டாக்டர், ஒரு கேள்வி. இங்கே வந்து கேட்க வேண்டும் என்று நினைத்ததில்லை. நீங்கள் அன்று சொன்னதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது."

டாக்டரம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் நாத்தனாரும் கூட இருந்தோம். கோஃபி சொல்லச் சொல்ல நான் நாத்தனாருக்குத் தமிழில் சொன்னேன்.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள், அதனால் அகோசுவா. நடக்கப் பழகி, ஓடவும் ஆரம்பித்திருந்தாள். கோஃபி அப்போது பள்ளிக்கூடம் போகும் பையன். ஒரு மழைக்காலத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்த வெள்ளை மாத்திரையை அம்மா இருவருக்கும் கொடுத்தார். கசப்பு தாங்காது என்று தங்கைக்கு மட்டும் வாழைப்பழத்தில் நசுக்கிக் கொடுத்தார்.

"நான் எழுந்து மரம் ஏறப் போய்விட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை."

தங்கை கொஞ்சம் துப்பிவிட்டாளாம். துப்பியதை அம்மா திரும்பக் கொடுக்கவில்லை, அதனால்தான் போய்விட்டாள் என்று ஊர் பேசியது. அதே மாத்திரையில் பையன் பிழைத்துக்கொண்டானே, அப்படியென்றால் மாத்திரையில் குறை இல்லை, கொடுத்தவள் கையில்தான் குறை என்று. அம்மாவும் அதை நம்பிவிட்டார். அன்றிலிருந்து எந்தக் குழந்தைக்கும் அவர் கையால் மருந்து கொடுப்பதில்லை. பேரக்குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்க வேண்டுமென்றால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்.

"டாக்டர், அந்த மாத்திரை என்னைக் காப்பாற்றியது என்றுதான் இத்தனை காலம் நினைத்தேன். அது மாத்திரையா? இல்லை, நானா?"

டாக்டரம்மா பேசத் தொடங்கியபோது ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

"நான் அந்தக் குழந்தையைப் பார்த்தவள் இல்லை. அதனால் இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல முடியும். அந்த வெள்ளை மாத்திரைக்குக் கிருமி பழகிப்போய், அது பல இடங்களில் பலிக்காமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. உங்களை மாதிரி ஏற்கனவே பல தடவை காய்ச்சல் கண்டவர்களுக்கு, மாத்திரை பாதி வேலை செய்தாலும் மீதியை உடம்பு முடித்துவிடும். எல்லாரும் எழுந்து நடப்பார்கள். மாத்திரை நல்ல மாத்திரை என்றே ஊர் நம்பும். அது கைவிட்டுவிட்டது என்பது சின்னக் குழந்தைகளிடம்தான் தெரியும். அவர்களுக்கு மாத்திரையைத் தவிர வேறு துணை கிடையாது."

கோஃபி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு துளி துப்பாமல் முழுதாக விழுங்கியிருந்தாலும் அந்த மாத்திரை அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பிழைத்ததை வைத்து உங்கள் அம்மாவைக் குற்றம் சொன்னது சரியில்லை. ஒரே வீடு, ஒரே மாத்திரை, ஆனால் இரண்டு வேறு உடம்பு. உங்கள் நண்பரையும் உங்களையும் நான் பார்த்த மாதிரிதான்."

நான் கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. நாத்தனாருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. எழுந்து கோஃபி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, மொதல்ல ஒங்க அம்மாவுக்குப் போனு போடுங்க" என்றார் தமிழிலேயே. காதில் போனை வைப்பது போல் கையால் காட்டினார்.

போனில் ஒரு கேள்வி

நமக்கு மத்தியானம் சாய்கிற நேரம் அங்கே காலை. கோஃபி வராந்தா கோடிக்குப் போய் நின்று பேசினார். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. டாக்டரம்மா பேசின மாதிரியே அவசரமில்லாமல் பேசினார் என்பது மட்டும் தெரிந்தது. நடுவில் நிறுத்தினார். சேவல் கூவுவதும் எதையோ உரலில் இடிப்பதும் போனிலிருந்து லேசாகக் கேட்டது. திரும்ப முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்து, அவர் அம்மா ஏதோ ஒன்று சொல்ல, போன் வைக்கப்பட்டது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். இதை ஏன் இவ்வளவு காலம் யாரும் என்கிட்ட சொல்லலைன்னு கேட்டாங்க."

சொல்லும்போதே அவர் கண்ணில் நீர் வழிந்தது. நாத்தனார் தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அறிமுகமாகி ஒரு வாரம்கூட ஆகாத ஒரு மனிதரின் முகத்தை அவர் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா பேச்சை மாற்றுவது போலக் கேட்டார். "உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

இருக்கிறாள். அபெனா, செவ்வாய்க்கிழமைக்காரி. இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறாள். அங்கே குழந்தைகளுக்கு மலேரியாவுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். முதல் ஊசிகள் முடிந்துவிட்டன, கடைசி ஊசி பாக்கி.

"அதைத் தவற விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "முழுப் பாதுகாப்பு இல்ல. கொசுவலை வேணும், காய்ச்சல் வந்தா உடனே ரத்தம் பார்க்கணும், மாத்திரை குடுக்கணும். ஆனா உங்க உடம்பு அத்தனை காய்ச்சல் பட்டுக் கத்துக்கிட்டதுல கொஞ்சத்தை அந்தப் பாப்பா ஊசியிலேயே கத்துக்குவா. மருந்துக்கு ஒரு துணை கிடைக்கும்." கொஞ்சம் பெருமையாக இன்னொன்றும் சொன்னார். "அந்தத் தடுப்பூசி நம்ம நாட்டுலயும் தயாராகி உங்க பக்கமெல்லாம் போகுது."

நான் தமிழில் சொன்னதும் நாத்தனாருக்கு அந்தக் கடைசி விஷயம்தான் ரொம்பப் பிடித்திருந்தது. பெண்ணாடம் போன பிறகு சர்க்கரை ஆலை பஸ் ஸ்டாப்பில் பார்த்தவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்

கோஃபி ஊருக்குக் கிளம்பும் நாள் எங்கள் யூனிட் பெண்கள் ஆளுக்கொரு ஃப்யூஸ் கேரியரைக் காகிதத்தில் சுற்றி அவர் பையில் போட்டார்கள். நான் ஒரு பழைய அச்சு கொடுத்தேன். "போயிட்டு வரேன்" என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார். எங்கள் பெண்கள் அதற்கும் சிரித்தார்கள், இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இவர் வீட்டிலேயே தேறிக்கொண்டிருந்தார். ரத்தம் குறைந்து போயிருந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வாரா வாரம் நாத்தனார் பெண்ணாடத்திலிருந்து நாட்டுக்கோழியோடு வந்து சாறு வைத்துக் கொடுத்தார். திரும்ப கானா போனால் அங்கே இருக்கும்வரை தடுப்பு மாத்திரை, கொசுவலை, முற்றத்தில் படுக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒரு தடவ வந்துட்டா ஒடம்பு கத்துக்கிட்டிருக்கும் இல்லைங்களா?" என்று இவர் ஒரு நப்பாசையோடு கேட்டதற்கு, "ஒரு வகுப்பு போனா பட்டம் குடுத்துடுவாங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். கோஃபி வீடியோவில் கூப்பிட்டார். அவருடைய கிராமத்து வீட்டிலிருந்து.

இவரை மேலும் கீழும் பார்த்து, கன்னம் கொஞ்சம் வந்திருக்கிறது என்றார். புது யூனிட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டதாகச் சொன்னார். பின்னால் ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். பூப்போட்ட துணியைத் தலையில் கட்டியிருந்தார். என்னைப் பார்த்து அவர் பாஷையில் ஏதோ சொன்னார். நான் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றேன். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை. இருவரும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

"அபெனாவுக்குக் கடைசி ஊசி போட்டாச்சு" என்றார் கோஃபி. "என் மனைவிக்கு வேலை. அம்மாதான் முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே போனார்கள்."

"காய்ச்சல் வந்துச்சா பாப்பாவுக்கு?" என்று கேட்டார் இவர். "ஊசிக்கு அடுத்த நாள் லேசா வருமே."

"வந்தது. நர்ஸ் ஒரு சிரப் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் தொழிற்சாலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவும் சந்தைக்குப் போய்விட்டார்கள்."

"அப்ப யாரு குடுத்தா?"

கோஃபி திரும்பி, அந்தக் கேள்வியை அவருடைய அம்மாவிடம் அவர்கள் பாஷையில் சொன்னார். அந்த அம்மா குழந்தையின் வாயை விரலால் துடைத்துவிட்டு, எங்களைப் பார்த்துத் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார்.

கோஃபி போனைத் தாழ்த்திவிட்டார் போலிருக்கிறது. படம் சாய்ந்தது. ஒரு தகரக் கூரையும் அதன் ஓட்டை வழியாக விழும் வெயிலும் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தன. நாங்கள் இருவரும் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு, அபெனா கத்திச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.